மேல் கம்பி

மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், மாமனார் உட்பட. வாயைத் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை. வரைபடத்தை மூக்கில் இடிக்கிற தூரத்தில் பிடித்துக்கொண்டு, என்ன பிரிண்ட் போடுகிறான் இவன், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று பிரிண்ட் கடைக்காரரைத் திட்டுவார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்துகொண்டு அந்த அப்பாவியின் தலையைப் போட்டு உருட்டுவோம். மேஜைக்கு மேலே இருக்கிற டியூப் லைட்டை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. கார் ஓட்டுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஒழுங்காக வண்டி ஓட்டத் தெரியவில்லையாம்.

அவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஒரு கட்டடம் நிற்குமா விழுமா என்று கணக்குப் போட்டு, எந்தத் தூண் எவ்வளவு தடிமன், எந்த பீமில் எத்தனை கம்பி என்று வரைந்து கொடுப்பது தொழில். நானும் அதையேதான் படித்தேன். அவர் மகனைக் கட்டிக்கொண்ட பிறகு அவருடைய ஆபீஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் போடுவதும் வரைவதும் நான். சரிபார்ப்பது மாமா. லைசென்ஸ் அவரிடம் இருப்பதால் கையெழுத்தும் அவருடையது.

ஆரம்பத்தில் அவர் சரிபார்த்தால் சரிபார்த்ததுதான். சிவப்புப் பென்சிலை எடுத்தார் என்றால் தாளை ரத்தக்களரி ஆக்கிவிடுவார். இது ஏன், அது எங்கிருந்து வந்தது என்று குடைந்து எடுப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை, இரண்டு பேரும் கத்துவோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு குறைந்தது. ஒரு கட்டத்தில் தாள்கள் போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தன. ஆகா, நான் தேறிவிட்டேன் என்று நினைத்து உச்சி குளிர்ந்து போனேன். என் மண்டையில் உறைப்பதற்கு வெகுநாள் ஆயிற்று.

எனக்கு அந்தக் கையெழுத்துப் போடும் உரிமை வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நான் கணக்குப் போட்டு எழுப்பிய கட்டடத்துக்கு முன்னால் நின்றால், காண்ட்ராக்டர் என்னைத் தாண்டிப் போய் மாமாவிடம் கை குலுக்குவார். நான் மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும். லைசென்ஸ் பரீட்சையில் தேறினால் வரைபடத்தின் மூலையில் என் பெயர் வரும். முதல் தடவை அதற்குப் படிக்க உட்கார்ந்தபோது வயிற்றில் பிள்ளை. அடுத்த தடவை கல்லூரிச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லை, அதை மாற்றி வாங்குவதற்குள் கடைசி நாள் போய்விட்டது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. சமையலறை அலமாரிக் கதவு முழுக்கச் சூத்திரங்களை ஒட்டிவைத்திருந்தேன். பால் பொங்குவதற்குள் ஒரு சூத்திரம் என்பது என் கணக்கு. நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு என் மகள் பொம்மைக்கு ஊட்டும்போது, "ஒரு வாய் மொமெண்ட், ஒரு வாய் ஷியர்" என்று ஊட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பரீட்சை கஷ்டம்தான், ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பரீட்சை இல்லை. லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் நான்கு வருடம் வேலை செய்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அந்த ஒருவர், "இவர் போட்ட கணக்குகளையும் வரைபடங்களையும் நானே நேரில் சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதோடும் விடமாட்டார்கள். கையெழுத்துப் போட்டவரை லைசென்ஸ் வாரியம் சிலசமயம் நேரில் கூப்பிட்டு, ஒரு வரைபடத்தை விரித்து வைத்து, இதில் நீங்கள் என்ன திருத்தினீர்கள் என்று கேட்கும். அங்கே போய் பிரிண்ட் கடைக்காரரைத் திட்டித் தப்பிக்க முடியாது.

கணவரிடம் சொன்னேன். அவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார், ஊரில் எல்லாருடைய வியாதியும் அவருக்கு அத்துப்படி, சொந்த அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக மட்டும் துப்பில்லை. உங்கள் அப்பாதானே, நீங்களே கேளுங்கள் என்றேன். எனக்கு அப்பா, உனக்கு பாஸ், வேலை விஷயத்தை பாஸிடம்தான் கேட்க வேண்டும் என்று நழுவிவிட்டார். நானும் இரண்டு முறை மாமாவின் அறை வாசல் வரை போனேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்குக் கண் தெரிகிறதா என்று எப்படிக் கேட்பது? டீ வேண்டுமா மாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கேட்க முடியாததால் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூளை கெட்டுப்போனவள்தான் இதைச் செய்வாள்.

அப்போது எங்கள் கையில் பெண்கள் விடுதி ஒன்றின் வேலை இருந்தது. மாடிக்கு மாடி பால்கனி. பால்கனி என்பது முன்பக்கம் தாங்கத் தூண் இல்லாமல், சுவரிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிற தளம். அதில் ஆள் நின்றால் தளத்தின் மேற்பக்கம் இழுபடும். இழுத்தால் கான்கிரீட் விண்டுவிடும், கம்பிதான் பிடித்துக்கொள்ளும். ஆகவே சாதாரணத் தளத்தில் கீழே கிடக்கிற முக்கியக் கம்பி, பால்கனியில் மேலே இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. நான் மேல் மாடிக்கான தாளில் அதைக் கீழே வரைந்தேன். சரியான தாளை என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

மாமா பார்த்த மாத்திரத்தில் உனக்கென்ன பைத்தியமா என்று கத்துவார், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன், பிறகு நிம்மதியாகச் சான்றிதழை நீட்டலாம் என்று நினைத்தேன். திட்டு வாங்க அவ்வளவு ஆசையாக இருந்தது. தாள் வெளியே போய்விடுமே என்ற பயம் துளியும் இல்லை. மாமா எந்தத் தாளையும் ஊறப்போட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு அது, சைட்டுக்குப் பிரதி அனுப்புகிற எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் கைக்குப் போக வேண்டும். அவருக்கு ஆபீஸில் மின்னல் என்று பெயர். பக்கத்து மேஜைக்கு ஒரு பேப்பர் நகர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் வைத்த பெயர். வியாழக்கிழமை சாயங்காலம் தாளை மாமாவின் மேஜையில் வைத்தேன். வெள்ளியும் சனியும் எனக்கு மாதிரிப் பரீட்சை. இரண்டையும் நன்றாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மாமாவின் மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே, இங்க இருந்த விடுதி டிராயிங் எங்க?"

"அதுவா மேடம், சார் வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டார். சைட்டுல அவசரம்னு சொன்னாங்க. நான் உடனே அனுப்பிட்டேன்" என்றார் மின்னல். முகத்தில் பெருமை வேறு. "இன்னிக்கு அங்க கான்கிரீட்."

பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவசரப்படாத மனுஷன், அன்றைக்குப் பார்த்துத்தான் பெயருக்கேற்ப நடந்துகொள்ள வேண்டுமா? காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கான்கிரீட் பம்ப் ஓடும்போது யாருக்குத்தான் போன் கேட்கும்? மறுபடி போட்டேன். டிராயரிலிருந்து சரியான தாளை எடுத்துக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினேன். மாமா அறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சைட்டில் சின்னப் பிரச்சினை என்றேன். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது?

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. முன்னால் போன தண்ணீர் லாரி நகரவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"என்ன பிரச்சினை?"

"பால்கனி கம்பி மாமா."

"நான் பார்த்தேனே. சரியாத்தானே இருந்துச்சு."

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

விடுதி வாசலில் காரைப் போட்டதும் படிகளில் ஓடினேன். மேல் தளத்தின் நடுப்பகுதியில் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். முதல் பால்கனியும் நிறைந்து, அதன் மேற்பரப்பை ஒருவர் பலகையால் தேய்த்துக்கொண்டிருந்தார். பம்ப்பின் குழாயை இரண்டு பேர் அடுத்த பால்கனிக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்தினேன். சத்தத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஈரக் கான்கிரீட்டிலேயே நடந்து போய்க் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே சிமெண்ட் சேறு அப்பிக்கொண்டது. பம்ப் நின்றபோது காது கொய்யென்றது.

காண்ட்ராக்டர் ஓடி வந்தார். ஆள், பம்ப், கலவை லாரி எல்லாம் நிற்கிறதே என்று கையைப் பிசைந்தார். பால்கனியில் முக்கியக் கம்பி கீழே போயிருக்கிறது, வரைபடம் தப்பு, போட்டதை அள்ள வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்ற மாமாவைப் பார்த்தார்.

"சார், எனக்கும் கட்டும்போது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க கையெழுத்து இருந்துச்சா, சரி சார் பார்த்துட்டாருன்னு விட்டுட்டேன்."

மாமா கையை நீட்டினார். காண்ட்ராக்டர் வரைபடத்தைக் கொடுத்தார். நல்ல வெயில். மாமா தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார். வேலையாட்கள் எல்லாரும் மண்வெட்டியும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் போல் இருந்தது. பிரிண்ட் சரியில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன். அவர் சொல்லவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னும் கான்கிரீட் விழாத இரண்டாவது பால்கனியின் ஓரத்தில் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டாமலேயே கையைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டுத் தடவினார். மேலே தடவினார், அங்கே மெல்லிய கம்பிதான் இருந்தது. அடியில் தடவினார். தடித்த கம்பி ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டது.

"வரைஞ்சது என் தப்பு" என்றேன் காண்ட்ராக்டரிடம்.

"கையெழுத்து என்னோடது. முதல் பால்கனில போட்டதை இப்பவே அள்ளிடுங்க. கம்பியெல்லாம் பிரிச்சுக் கட்டி, இன்னொரு இன்ஜினியர் வந்து பார்த்த அப்புறம்தான் மறுபடி கான்கிரீட்" என்றார் மாமா எழுந்திருக்காமலேயே.

அவர்கள் அள்ளி முடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். காரில் ஏறியதும் அவர் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுத் தெரு திரும்பும்போதுதான் பேசினார்.

"நீ இப்படி வரைய மாட்டியே."

"வேணும்னேதான் வரைஞ்சேன் மாமா. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்க."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் திருப்பிக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கணவரிடம் ஒரு மூச்சில் சொன்னேன். அவர் கடைக்குக் கிளம்ப இருந்தவர், பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். மாமா குளித்து உடைமாற்றி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். என் விண்ணப்பம் அங்கேதான் இருந்தது. மறுநாள் கடைசி நாள். எல்லாம் ஒட்டி, அடுக்கி, அவர் கையெழுத்துக்காக மட்டும் வைத்திருந்தேன். அந்தச் சான்றிதழ் வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நானே நேரில் சரிபார்த்தேன் என்ற இடத்தில் என் குரல் பிசிறியது.

"எந்தக் கட்டடத்துல இருந்து நான் பார்க்கல?"

அவருக்குப் பின்னால், கதவுப் பக்கம் நின்ற என் கணவர் என்னைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இந்த ஒரு கட்டடம் மட்டும்தான் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். சொன்னால் மாமா நம்பிவிடுவார். விடுதியை எடுத்துவிட்டாலும் எனக்கு நான்கு வருடம் தாராளமாக இருக்கும். நாளைக்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம். வாரியம் எல்லாரையுமா கூப்பிடுகிறது? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெயிலில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்த மனிதர் எதிரே உட்கார்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கிடங்கு, மாமா. அந்தப் பெரிய கிடங்குல இருந்துதான் தாள் வெள்ளையா வர ஆரம்பிச்சது."

"அதுக்கு அப்புறம்?"

பல் ஆஸ்பத்திரி என்றேன். நூலகம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒட்டிக் கட்டிக்கொண்ட வீடுகள். கார் நிறுத்தும் மாடி. நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். கடைசியாக விடுதி. அவர் மனக்கணக்கில் புலி. கிடங்கு எப்போது ஆரம்பித்தோம் என்று மட்டும் கேட்டுவிட்டு, உடனே சொல்லிவிட்டார்.

"அப்ப நான் பார்த்தது மூணு வருஷமும் சில்லறையும்தான். நாலு வேணும் இல்ல?"

"ஆமா மாமா."

"அப்ப இந்த வருஷம் இல்லம்மா."

எனக்கு வந்ததே கோபம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உங்களுக்குக் கண் தெரியாதது என் தப்பா என்று கேட்டேன். நான் ஒரு நாள் லீவு போட்டேனா, ஒரு கணக்கை அரைகுறையாக விட்டேனா, மாடு மாதிரி உழைத்தேனே, அதெல்லாம் எந்தக் குப்பையில் போயிற்று என்று கேட்டேன். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். கணவர் பக்கத்தில் வந்தார், கையைத் தட்டிவிட்டேன். மாமா நான் ஓய்கிற வரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உன் தப்பு இல்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதான் தப்பு" என்றார். பிறகு, "அந்தக் கட்டடமெல்லாம் நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்கும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கணக்குப் போட்டிருக்கேன் மாமா."

"போட்டிருக்கே. பார்த்தது யாரு?"

யாரும் பார்க்கவில்லை. கிடங்கில் அரிசி மூட்டையை உத்தரம் வரை அடுக்குகிறார்கள். பல் ஆஸ்பத்திரிக்குப் போன மாதம்தான் என் மகளைக் கூட்டிப் போனேன், மாடிப்படியில் அவள் குதித்துக் குதித்து ஏறினாள். என் கணக்கில் தப்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பழைய சிவப்புத் தாள்களில் இருந்த ஒவ்வொரு தப்பையும்கூட நான் அப்படித்தான் நினைத்து மாமாவிடம் கொடுத்திருந்தேன். அழுகை அப்படியே நின்றுவிட்டது. தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மாமா போனை எடுத்தார். அதையும் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, என்னிடம் நீட்டி, "கோட்டை நம்பரைப் போடு" என்றார். கோட்டை என்பது அவருடன் படித்த இன்னொரு இன்ஜினியர். நாய்க்குக் கூண்டு கேட்டாலும் கோட்டை கட்டிக் கொடுப்பான், அவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று மாமா கிண்டலடிக்கிற ஆள். இரண்டு பேரும் பேசி வெகுகாலம் ஆகிறது. நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

"நான்தான்ப்பா. ஒரு உதவி வேணும். எங்க ஆபீஸ் கட்டடம் ஆறு இருக்கு, எல்லாத்தையும் முதல்ல இருந்து நீ பார்க்கணும். கணக்கு என் மருமக போட்டது. நான் பார்க்கல." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார். மாமா ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பார்க்கலன்னா, முடியல. எனக்குக் கண்ணு தெரியலப்பா."

என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைலயே வருவா" என்றார் மாமா போனில். "நட்பு, தெரிஞ்சவங்கன்னு எதையும் பார்க்காத. அவளைக் குடைஞ்சு எடுத்துக் கேளு. விட்டுடாத."

நான் விண்ணப்பத்தை மேஜையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். முதலில் கிடங்கின் கணக்கைத் தேடி எடுக்க வேண்டும்.